ஒண்டா இருந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ

இருங்கோ தங்கச்சி, எழும்பாதைங்கோ. தேத்தண்ணி கொண்டந்தனான், அவ்வளவுதான். சீனி கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறன், பயணம் வந்த களைப்புக்கு நல்லது. வவுனியாவோ? சின்னம்மா சொன்னவ, மேல் அறைக்கு வவுனியாப் பிள்ளை ஒண்டு வந்திருக்கு, மாப்பிள்ளை கனடாவாம், வாற கிழமை ரெஜிஸ்டர் ஒபிஸில எழுத்தாம், தாலி தை மாசம்தானாம் எண்டு. கேட்ட உடன எனக்குக் கீழ இருக்க மனம் வரேல்ல. இந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லிக் குடுக்கப்போயினம் எண்டு ஏறி வந்திட்டன்.

நான் விஜிதா. விஜி எண்டு கூப்பிடலாம். கீழ் வீட்டில சின்னம்மாவோட இருக்கிறன். அம்மான்ர தங்கச்சி அவ. அம்மாவும் அப்பாவும் சண்டைக்குள்ள போயிட்டினம், அவதான் என்னைச் சின்னனில கூட்டிக்கொண்டு இஞ்ச திருச்சிக்கு வந்தவ. அண்டையில இருந்து இந்தக் கருமண்டபம்தான். றோட்டில இறங்கினால் நானும் "என்னங்க, எவ்ளோங்க" எண்டுதான் கதைப்பன், மரக்கறிக்காரிக்கு நான் ஆர் எண்டு தெரியாது. வீட்டுக்குள்ள வந்தால்தான் என்ர வாய் எனக்குத் திரும்பி வரும். பாருங்கோ, எங்கட கதை கதைக்க ஒரு ஆள் கிடைச்ச உடன நான் அலம்பிக்கொண்டு இருக்கிறன்.

கேக்க வந்தது வேற. எழுத்து முடிஞ்ச பிறகு உங்கட அவர் எங்க நிக்கப்போறார்? லொட்ஜிலயோ?

நினைச்சனான். அதுதான் கூடாது. தங்கச்சி, நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. இது ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தராதது. நான் பட்டுத் தெரிஞ்சுகொண்டது.

என்ர ஆளின்ர பேர் குகதாசன். கரவெட்டி ஆக்கள். சண்டை நேரம் வெளிக்கிட்டுப் போனவர், ரொறன்ரோவில ஒரு பேக்கரியில இரவு வேலை. சம்பந்தம் பேசி, படம் மாறி, போனில கதைச்சு, எல்லாம் நல்லாத்தான் போனது. அந்த நேரம் பாத்து இவற்ற தாய் செத்துப் போனா. எங்கட ஆக்களின்ர முறை உங்களுக்குத் தெரியும்தானே, வீட்டில சாவு விழுந்தால் ஆண்டுத் திவசம் முடியாமல் தாலி கட்டேலாது. ஆனால் அங்க லோயர் சொல்லிப்போட்டாராம், விசாப் பைலைப் போட்டால் அது தன்ர பாட்டுக்கு இழுபடும், ஆனபடியா எழுத்தை இப்பவே முடியுங்கோ, தாலியை ஆறுதலாக் கட்டுங்கோ எண்டு. இவர் லீவு போட்டுக்கொண்டு வந்தார். எழுத்து முடிஞ்சுது.

எங்களுக்கு எழுத்து எண்டால் என்ன? போய்க் கையெழுத்து வைச்சு, ஒரு படம் எடுத்து, ஒரு கடையில சாப்பிட்டிட்டு அவரவர் வீட்டை போறது. தாலி ஏறினால்தான் கலியாணம். வெள்ளைக்காரருக்கு மறுவளம். அவைக்குக் கையெழுத்துத்தான் கலியாணம், தாலி அவைக்கு ஒரு சங்கிலி. இந்த ஒரு விசயம்தான், தங்கச்சி. இந்த ஒரு விசயத்திலதான் நான் இண்டைக்கு வரைக்கும் மாட்டுப்பட்டுக் கிடக்கிறன்.

சின்னம்மா அண்டைக்கே சொல்லிப்போட்டா, தாலி ஏறாமல் என்ர படியைத் தாண்டி ஒரு ஆம்பிளை இரவு தங்கேலாது எண்டு. இவர் சத்திரம் பஸ் ஸ்ராண்டடியில ஒரு லொட்ஜில நிண்டவர். பகலில வருவார். முன்னுக்குக் கிடக்கிற கதிரையில இருப்பார். நான் அங்கால கதிரையில. உடன சின்னம்மா சுளகும் முருங்கையிலையுமா வந்து நடுவில குந்துவா. ஒரு பிடி முருங்கையிலையை மத்தியானம் வரைக்கும் உருவின ஆள் உலகத்திலயே என்ர சின்னம்மா ஒராள்தான் இருப்பா. நாங்கள் என்ன கதைக்கிறது? அங்க குளிரோ எண்டு கேப்பன். ஓம் குளிர் எண்டுவார். கொஞ்ச நேரத்தால அவர் கேப்பார், இஞ்ச நல்ல வெக்கை என்ன எண்டு. ஓம் எண்டுவன். லீவு முடியும் வரைக்கும் இதுதான் எங்கட கதை.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் சிரிச்சனான்தான் அப்ப.

பிறகு டெல்லிக்கு இன்ரவியூவுக்குக் கூப்பிட்டவை. சின்னம்மாவும் நானும் ரெயிலில போனனாங்கள். உள்ளுக்கு ஒரு மனிசி இருந்தது, முகத்தில ஒரு சிரிப்பும் இல்லை. கலியாணம் முடிஞ்சு புருசனும் நீங்களும் எங்க இருந்தனீங்கள் எண்டு கேட்டுது. நான் விசரி, உள்ளதைச் சொன்னன். அவர் லொட்ஜில, நான் வீட்டில எண்டு. லீவு முழுக்கவோ? லீவு முழுக்க. ஒரு நாளும் ஒண்டா இருக்கேல்லயோ? இல்லை. ஏன்? தாலி கட்டேல்ல எண்டன். அப்ப கலியாணம் முடியேல்லயோ எண்டு கேட்டுது. முடிஞ்சுது எண்டன். முடிஞ்சால் ஏன் ஒண்டா இருக்கேல்ல? திரும்பவும் தாலிதான். மொழிபெயர்த்த வடக்கத்திப் பெடியனுக்குத் தமிழும் அரைகுறை, எங்கட தமிழ் அறவே விளங்கேல்ல. நான் சொன்னதுக்கு அவன் என்ன சொன்னானோ ஆருக்குத் தெரியும்.

கடிதம் வந்தது. இது உண்மையான கலியாணம் இல்லையாம். விசா எடுக்கச் செய்த கலியாணமாம். நான் அதை நாலு பேரிட்டக் குடுத்து வாசிப்பிச்சனான், ஆராவது ஒராள் வேற மாதிரி வாசிக்க மாட்டாரோ எண்டு. எல்லாரும் ஒரே மாதிரித்தான் வாசிச்சவை. தங்கச்சி, நான் ஒருத்தற்ற ஒரு சாமானையும் எடுத்ததில்லை. என்னைக் கள்ளி எண்டு றோட்டில நிண்டு பேசின மாதிரி இருந்தது. உண்மை சொன்னதுக்குக் கிடைச்ச கூலி அது. அண்டைக்கு முடிவெடுத்தனான், இனி இந்த ஆக்களுக்கு என்ன கேக்க விருப்பமோ அதைத்தான் சொல்லுறது எண்டு.

திவசம் முடிஞ்சு இவர் திரும்ப வந்தார். உறையூர்க் கோயிலில வைச்சுத் தாலி கட்டினது. பிறகு இந்த அறையிலதான் இருந்தனாங்கள். ஓம், இதே அறைதான். தாலிக்குப் பிறகுதான் இதை நாங்கள் எடுத்தனாங்கள், அவர் போன பிறகு வீட்டுக்காரர் திரும்ப வாடகைக்கு விட்டவர். அந்த யன்னலுக்குக் கொளுக்கி போட்டது இவர்தான். மனிசன் கன கதை இல்லை. சோம்பேறி இல்லை, குடி இல்லை. இரவு வேலை செய்து பழகின உடம்பு, விடியப்புறம் நித்திரை வராது, எழும்பிப்போய்த் தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவார். சின்னம்மாவுக்கும் ஒரு கப். அந்த மனிசி அதைக் குடிச்சுக்கொண்டு எனக்குச் சொல்லும், உன்ர மனிசனுக்குத் தேயிலைக்கு அளவு தெரியாது எண்டு.

அந்த லீவில என்ர வயித்தில ஒண்டு தங்கியிருந்தால் இப்ப இவ்வளவு அந்தரம் இல்லை. தங்கேல்ல. விடுங்கோ. எனக்கு இப்ப முப்பத்தெட்டு. டொக்டர் மனிசி போன மாசமும் சொன்னவ, இனியும் சுணங்கினால் நான் ஒண்டும் செய்யேலாது அம்மா எண்டு. நான் என்ன வேணுமெண்டே சுணங்கிறன்? அவர் அங்க, நான் இஞ்ச. இதை எந்த டொக்டரிட்டச் சொல்லுறது?

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

இவர் அங்க அப்பீல் போட்டவர். அது கிடந்தது, கிடந்தது, கடைசியில விசாரணைக்குத் திகதி வந்தது. இவர் அங்க நேர போகவேணும், நான் இஞ்ச இருந்து போனில சாட்சி சொல்லவேணும். லோயர் என்னோட ஒரு நாள் கதைச்சார். எங்கட தமிழ் ஆள்தான், ஆனால் அங்க பிறந்து வளந்த பெடி. அக்கா, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ, எங்கட வழக்கம் என்னெண்டு நான் விளங்கப்படுத்துவன், கோயில் ஐயரிட்டயும் ஒரு கடிதம் வாங்கி வைச்சிருக்கிறன் எண்டார். ஓம் தம்பி, ஓம் தம்பி எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். மனசுக்குள்ள என்ன நினைச்சனான் தெரியுமோ? உனக்கென்ன மோனை, கேஸ் தோத்தாலும் நீ உன்ர மனிசியிட்டத்தானே போகப்போறாய்.

சின்னம்மாதான் வழி சொன்னவ. நீ எழுத்து எழுதின அண்டையில இருந்து ஒண்டாத்தான் இருந்தனாங்கள் எண்டு சொல்லு, டெல்லியில வெக்கத்தில மாறிச் சொல்லிப்போட்டன், அந்த வடக்கத்தியானும் பிழையா மொழிபெயர்த்துப்போட்டான் எண்டு சொல்லு, வேணுமெண்டால் நானும் வந்து சத்தியம் பண்ணுறன் எண்டா. அதே சின்னம்மாதான். முருங்கையிலை உருவின அதே சின்னம்மா. எனக்கு அண்டைக்கு அவவில கோவம் வரேல்ல, இரக்கம்தான் வந்தது. எனக்காகத்தானே மனிசி இந்த வயதில பொய்ச் சத்தியத்துக்கும் வெளிக்கிட்டு நிக்குது. அது பாசம் எல்லே?

இவருக்குப் போன் எடுத்துச் சொன்னன். இப்பிடி இப்பிடி, லொட்ஜில சாமானைத்தான் வைச்சிருந்தனீங்கள், இருந்தது எங்கட வீட்டிலதான், சரியே? எண்டன். அது பொய்யெல்லே எண்டார். முதல்தரம் உண்மை சொல்லி என்னத்தைக் கண்டனாங்கள் எண்டு கேட்டன். கடைசியா, பாப்பம் எண்டார். நீங்களே சொல்லுங்கோ தங்கச்சி, எங்கட ஆம்பிளையள் பாப்பம் எண்டால் என்ன அர்த்தம்? ஓம் எண்டுதானே? வாய் திறந்து ஓம் எண்டு சொல்ல ரோசம், அதுக்குத்தான் பாப்பம். நான் அப்பிடித்தான் எடுத்தனான்.

விசாரணை அண்டைக்கு அங்க காலமை, இஞ்ச விளக்கு வைக்கிற நேரம். சின்னம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் மிக்ஸி போடாதைங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்து கதவடியில இருந்தவ. முதல் இவரைத்தான் விசாரிச்சவை, நான் அதைக் கேக்கக்கூடாதாம், அது சட்டமாம். நான் போனை மடியில வைச்சுக்கொண்டு பாடமாக்கிக்கொண்டு இருந்தன். அங்கால ஒரு பொம்பிளை, மொழிபெயர்க்கிறவ, கதைக்கத் தொடங்கினா. எங்கட வடமராட்சிக் குரல். எனக்கு அழுகையே வந்திட்டுது. இந்த முறை என்ர தமிழ் விளங்கும் எண்டு அவ்வளவு ஆறுதல். உண்மைதான் சொல்லுவன் எண்டு சத்தியம் வாங்கினவை, நானும் பண்ணினன்.

எழுத்து முடிஞ்ச அண்டைக்குப் பின்னேரம் கணவர் எங்க நிண்டவர்? வீட்டில எண்டன். உள்ளயோ வெளியிலயோ? உள்ள, என்னோட எண்டன். குரல் தளம்பேல்ல தங்கச்சி, தெளிவாச் சொன்னனான். டெல்லியில ஏன் மாறிச் சொன்னது? வெக்கத்தில எண்டன். எல்லாம் பாடமாக்கின மாதிரியே போகுது. பிறகு கேட்டவை, அண்டைக்குப் பின்னேரம் அவர் உங்களுக்கு ஏதும் கொண்டு வந்து தந்தவரோ எண்டு.

எனக்கு உடன பொறி தட்டினது. இது கொழுவிற கேள்வி. கொண்டந்தவர் எண்டால் வெளியில நிண்டவர் எண்டாகிடும். ஒண்டும் கொண்டரேல்ல எண்டன், ஒரே வீட்டில இருக்கிற மனிசன் ஏன் வெளியில இருந்து கொண்டந்து தரவேணும் எண்டும் கேட்டன். எப்பிடி என்ர பதில்? கதவடியில இருந்த சின்னம்மா கையால காட்டினவ, நல்லாச் சொன்னாய் எண்டு.

பிறகு அந்த மொழிபெயர்க்கிற பொம்பிளை திரும்பக் கேட்டா. குரல் மாறியிருந்தது. "அம்மா, ஜட்ஜ் இன்னொருக்காக் கேக்கிறா. நல்லா யோசிச்சுச் சொல்லட்டாம். கேற்றடியில, உங்கட சின்னம்மான்ர கையில, ஏதும் குடுத்தவரோ?"

கேற்றடி எண்ட உடன எனக்கு விளங்கிட்டுது, இந்த மனிசன் என்னவோ உளறிப்போட்டுது எண்டு. அப்ப நான் என்ன செய்யவேணும்? நான்தானே அதை மூடி மறைக்கவேணும். இல்லை எண்டன். மூண்டாம் தரமும் கேட்டவை. அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல, அவருக்கு மறதி எண்டன். நன்றி எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டினம்.

அந்தப் பிள்ளை லோயர் பிறகு எடுத்தார். ஏசேல்ல. ஏசியிருக்கலாம். அக்கா, உங்கட அவர் என்ன சொன்னவர் எண்டு நான் உங்களுக்குச் சொல்லுறன், கேளுங்கோ எண்டார்.

எழுத்து அண்டைக்கு மத்தியானம் கடையில எல்லாரும் சாப்பிடேக்க நான் ஒண்டும் சாப்பிடேல்லயாம். அது உண்மைதான். மாப்பிள்ளைக்கு முன்னால அள்ளி அடிச்சுத் தின்னாதை எண்டு சின்னம்மா சொல்லி விட்டவ, பயத்தில எனக்குச் சோறும் இறங்கேல்ல. இவர் அதைப் பாத்துக்கொண்டு இருந்தவராம். லொட்ஜுக்குப் போயும் அதே நினைப்பாம். பிறகு வெளிக்கிட்டு இடியப்பம் தேடினவராம். இஞ்சத்தைக் கடையளில இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும்தானே குடுக்கிறவை. அது சரிவராது, எங்கட ஊர் உறைப்புப் பாற்சொதி வேணும் எண்டு விசாரிச்சு விசாரிச்சு, கே.கே. நகரில சமைச்சுக் குடுக்கிற எங்கட ஊர் மனிசி ஒண்டைப் பிடிச்சு, சொல்லிச் செய்விச்சு, சொதியைப் பையில கட்டி, ஓட்டோவில கொண்டந்தவராம். சின்னம்மா கேற்றடியில வைச்சு வாங்கிப்போட்டு, இனிப் போங்கோ தம்பி, சனம் பாக்கும் எண்டு அனுப்பிப்போட்டாவாம். இவர் போகேல்லயாம். எதிர்வீட்டு மதிலடியில நிண்டவராம், எங்கட அடுப்படிக் குசினி லைற் எரியும் வரைக்கும். லைற் எரிஞ்ச உடன, சரி, அவ சாப்பிடுறா எண்டு நினைச்சுக்கொண்டு நடந்தே போனவராம்.

ஜட்ஜ் மனிசி கேட்டதாம், உங்களுக்கு எந்த நாள் கலியாணம் முடிஞ்ச நாளா மனசில இருக்கு, கையெழுத்து வைச்சதோ தாலி கட்டினதோ எண்டு. இவர் சொன்னாராம், அந்தக் குசினி லைற் எரிஞ்ச நேரம் எண்டு. இங்கிலிசில தானே சொன்னவராம். ஜட்ஜ் பேனையை வைச்சிட்டு இவரைப் பாத்துக்கொண்டு இருந்தவவாம். அக்கா, அந்த இடத்தில கேஸ் எங்கட கையில வந்திட்டுது, நீங்கள் ஓம், இடியப்பம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவ்வளவும்தான் எண்டார் லோயர்.

நீங்கள் ஏன் தங்கச்சி அழுறியள்? அழாதைங்கோ. எனக்கு அழுகை வரேல்ல, பத்திக்கொண்டுதான் வந்தது. கோட்டில போய் இடியப்பக் கதை கதைக்கிற ஆளை நீங்கள் எங்கயாவது கண்டிருக்கிறியளோ? நான் இஞ்ச கிடந்து பாடமாக்கிறன், கிழவி ஒண்டு எனக்காகப் பொய்ச் சத்தியத்துக்கு ஆயத்தமா நிக்குது, இவருக்கு ஒரு பொய், ஒரே ஒரு பொய், எனக்காகச் சொல்ல நாக்கு வளையேல்ல. கலியாணம் கட்டினவனுக்கு மனிசி பெரிசோ, உண்மை பெரிசோ? அங்க ஆரோ ஒரு ஜட்ஜுக்கு உண்மையா இருக்கத் தெரிஞ்ச ஆளுக்கு எனக்கு உண்மையா இருக்கத் தெரியேல்ல. நான் கேக்கிறதில பிழை இருக்கோ? சொல்லுங்கோ.

தோத்தாச்சு. கடிதத்தில எழுதியிருக்காம், விண்ணப்பகாரியின்ர சாட்சியத்தை நம்ப ஏலாது எண்டு. விண்ணப்பகாரி எண்டால் நான். திரும்பவும் புதுசா ஸ்பொன்சர் போடலாமாம், ஆனால் அதுக்கு இவர்தான் கையெழுத்து வைக்கவேணும், இவர்தான் முதலில வெளிக்கிடவேணும். நான் இஞ்ச இருந்து தலைகீழா நிண்டாலும் ஒண்டும் நடக்காது.

கடிதம் வந்த அண்டைக்கு நான் இவருக்குப் போன் எடுத்து நல்லாப் பேசிப்போட்டன். உங்கட வாயாலதான் கெட்டுது எண்டன். உங்களுக்கு நான் வாறது விருப்பமில்லையாக்கும், அதுதான் கோட்டில போய்க் கவிட்டனீங்கள் எண்டும் சொன்னன். சொல்லியிருக்கக்கூடாதுதான், ஆனால் வயிறெரிஞ்சவளுக்கு வாய் நிக்குமோ? மனிசன் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தது. கட் பண்ணிப்போட்டாரோ எண்டு ஹலோ ஹலோ எண்டன். அப்பதான் கேட்டார்.

"நீர் அண்டைக்கு அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டனீரோ, இல்லையோ?"

பாருங்கோ தங்கச்சி. கேஸ் தோத்து, வருசங்கள் போய், நான் நடுத்தெருவில நிக்கிறன், இவருக்கு இடியப்பம். எனக்கு வந்த விசருக்கு நான் சொன்னன்: "அதுக்கு நான் என்ன சொல்லவேணும் எண்டு லோயரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. அதையே சொல்லுறன்."

வைச்சிட்டார்.

அதுக்குப் பிறகு எடுக்கிறாரில்லை. நான் எடுத்தாலும் இல்லை, சின்னம்மா எடுத்தாலும் இல்லை. வட்ஸ்அப்பில போட்டால் பாத்திருக்கிறார் எண்டு காட்டுது, பதில் இல்லை. முதல் ரெண்டு மூண்டு நாள் நானும் ரோசத்தில இருந்தனான்தான். இப்ப ரோசம் எல்லாம் போயிட்டுது. பேக்கரிக்கு எடுத்தன், ஆரோ ஒருத்தன் இங்கிலிசில என்னவோ சொல்லிப்போட்டு வைச்சான். லோயர்ப் பெடியும் சொல்லிப்போட்டுது, அக்கா, இனி இது சட்டத்தால செய்யிற அலுவல் இல்லை, நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ எண்டு. ஆரோட கதைக்கிறது? எடுத்தால்தானே?

சாப்பிட்டனான், தங்கச்சி. சாப்பிடாமல் என்ன. சின்னம்மா பார்சலைக் கொண்டந்து மேசையில வைச்சிட்டு, உன்ர ஆள் குடுத்திட்டுப் போகுது எண்டா. நான் குசினிக்குள்ள போய் லைற்றைப் போட்டு, சாப்பாட்டுக் கோப்பை எடுக்கக்கூடப் பொறுக்கேல்ல, நிண்ட நிலையில சாப்பிட்டனான். சொதி ஆறிப்போச்சு. எங்கட அம்மான்ர கைக்குப் பிறகு அப்பிடி ஒரு சொதி நான் சாப்பிட்டதில்லை. எனக்குப் பசி எண்டு ஒரு ஆள் நினைச்சுது எண்டு நினைக்க நினைக்கக் கண்ணால தண்ணி ஓடுது, நான் தின்னுறன். அடுத்த நாள் அவர் வந்து கதிரையில இருந்தவர். சொல்ல வாய் உன்னினதுதான். நடுவில சின்னம்மா முருங்கையிலையோட. தாலி கட்ட முந்தி ஒரு பொம்பிளை போய் ஒரு ஆம்பிளையிட்ட, நீங்கள் தந்ததை அழுதழுது சாப்பிட்டனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிறகு தாலி கட்டினாப் பிறகும் சொல்லேல்ல. பிறகு எங்க நேரம்? போன் எடுத்தால் பைலும் அப்பீலும்தானே கதை.

உங்களுக்கு நான் இதெல்லாம் ஏன் சொல்லுறன் எண்டால் நீங்களும் என்னைப் போல நிக்கக்கூடாது எண்டுதான். வாற கிழமை எழுத்து முடிஞ்ச உடன அவரை இஞ்சயே கூப்பிடுங்கோ. வீட்டுக்காரர் ஏதும் சொன்னால் நான் கதைக்கிறன். இல்லை, வீட்டில விடமாட்டினம் எண்டால், இப்பவே ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ, நாளைக்கு ஆர் கேட்டாலும் ஒண்டா இருந்தனாங்கள் எண்டு சொல்லுறது எண்டு. அவர் பாப்பம் எண்டால் விடாதைங்கோ. ஓம் எண்டு வாயால சொல்ல வையுங்கோ. நான் விட்ட பிழை அதுதான்.

இன்னொண்டு தங்கச்சி. கோவிக்கக் கூடாது. உங்கட போனை ஒருக்காத் தாறியளோ? இப்ப அங்க விடிஞ்சிருக்கும், வேலையால வந்து படுக்கிற நேரம். என்ர நம்பரைக் கண்டால் எடுக்கிறாரில்லை. உங்கட நம்பர் அவருக்குத் தெரியாது, தெரியாத நம்பர் எண்டால் ஆரோ என்னவோ எண்டு எடுப்பார். மனிசன் அப்பிடி.

நம்பர் எனக்குப் பாடம், நானே அடிக்கிறன். இல்லை, நான் கதைக்கேல்ல. என்ர குரலைக் கேட்டால் வைச்சிடுவார். நீங்கள் கதையுங்கோ. நான் சொன்னால் இனி நம்பமாட்டார், நம்ப ஏலாது எண்டு ஜட்ஜே எழுதிக் குடுத்திட்டுது. சாட்சி ஒண்டு வேணும். சின்னம்மாவை விட்டால் அவவையும் நம்பமாட்டார். நீங்கள் வெளி ஆள், நீங்கள் சொன்னால் எடுபடும். மேல் அறையில அப்பவும் நான்தான் இருந்தனான் எண்டு சொல்லுங்கோ. எழுத்து அண்டைக்குப் பின்னேரம் தண்ணி எடுக்கக் கீழ வந்தனான், விஜி அக்கா குசினியில நிண்டு இடியப்பம் சாப்பிட்டதை என்ர கண்ணால கண்டனான் எண்டு சொல்லுங்கோ. அழுதழுது சாப்பிட்டவ, ஒரு துண்டும் மிச்சம் விடேல்ல எண்டும் சொல்லுங்கோ. நீங்கள் இண்டைக்குத்தான் வந்தனீங்கள் எண்டு அவருக்குத் தெரியவோ போகுது?

பொறுங்கோ, அடிக்குது. இந்தாங்கோ, பிடியுங்கோ. கையை ஏன் இழுக்கிறியள்? நடந்ததைத்தானே சொல்லச் சொல்லுறன், தங்கச்சி. எடுத்திட்டார். சொல்லுங்கோ.